நோட்டில் ஏழு பக்கம்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்கு
ஸ்பெயினிலிருந்து வந்தவர் விசென்டே.
சோல் ஒட்டும் பசையில் கைதேர்ந்தவர்.
ஆங்கிலத்தில் என்னைவிட ஒரு முழம் குறைவு.
நான் ரூத் சுகிர்தா, குவாலிட்டி செக்கிங்.
என் ஆங்கிலம் டிப்ளமோவில் பாதி,
பையர் அனுப்பும் மெயிலில் மீதி.

முதல் நாளே கேட்டார், ‘டேக்’ என்றால் என்ன?
அவருக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்து
‘எடு’ என்றேன்.
பெல்ட்டில் போன ஒரு ஷூவை எடுத்தும் காட்டினேன்.
தலையாட்டி நோட்டில் குறித்துக்கொண்டார்.
முடிந்தது என்று நினைத்தேன்.

பத்தரைக்கு கேன்டீன் அல்போன்ஸ்
‘டேக் டீ சார்’ என்றார்.
டம்ளரை எடுத்தார் விசென்டே.
எடுத்த இடத்திலேயே வைத்தார்.
அடுத்தது என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்.
குடிப்பதுபோல் காட்டினேன்.
‘ஓ, தொமார்!’
ஒரே மடக்கில் காலி, நாக்கு வெந்தது.

அதற்கப்புறம் பக்கங்கள் கூடின.
போட்டோ எடுத்தால் அவர்கள் ஊரில் சகார்.
மேனேஜரை காட்பாடிக்கு அழைத்துப்போனால் யெவார்.
லாரி வர நேரமானால் தர்தார்.
செருப்பைக் கழற்றினால் கிதார்.
இதைக் கேட்டு ஷம்ஷாத்
தையல் மெஷினை மடியில் சாய்த்து மீட்டுவதுபோல் ஆட,
லைனே சிரித்தது.
அன்றைக்கு டார்கெட்டில் பதினாறு ஜோடி குறைவு.
எங்கள் ஊரில் ஐந்து பேர் பார்க்கும் வேலையை
இங்கிலீஷ்காரன் ஒற்றை ஆளிடம் வாங்குகிறான்,
ஓவர்டைம்கூடத் தராமல்,
என்று கைஜாடையிலேயே சொன்னார்.

உன் மொழியில் எப்படி என்றார்.
அதுவரை நான் யோசித்ததில்லை.
லீவு எடுப்போம். வீடு வாடகைக்கு எடுப்போம்.
தீபாவளிக்கு, கிறிஸ்துமஸுக்குத் துணி எடுப்போம்.
வாந்தி எடுப்போம்.
பாலாற்றில் மணல் எடுப்போம்,
எடுக்காதே என்று போர்டு வைத்த இடத்தில்தான் அதிகம்.
பசியை மட்டும் நாங்கள் எடுப்பதில்லை,
அதுவாகவே எடுக்கும்.
யாரிடமிருந்து, எதை, என்று கேட்டார்.
மத்தியானச் சாப்பாட்டு பெல் அடித்துவிட்டது.

மூன்றாம் வாரம் மெயில் வந்தது.
எண்ணூறு ஜோடி, மடக்கினால் சோல் வாய் பிளக்கிறது,
‘டேக் பேக்.’
இந்த டேக்குக்கு அர்த்தம் கேட்க யாரும் வரவில்லை.

பசையில் கோளாறில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை,
ஐந்து நாற்பதுக்கு வரும் பேர்ணாம்பட்டு பஸ்ஸுக்காக
கடைசி அடுக்கைப் பிரித்துப் பார்க்காமலே
கையெழுத்துப் போட்டேன்.
ஷீட்டில் என் பெயர் இருந்தது.
அவர் அதைப் பார்த்தார். தேதியையும் பார்த்தார்.

மேனேஜர் ரூமில் நாங்கள் ஆறு பேர்.
ஏசி சத்தம் மட்டும்.
விசென்டே எழுந்து ‘ஐ டேக்’ என்றார்.
அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.
நோட்டைப் புரட்டினார், ஏழு பக்கத்திலும் இல்லை.
டேக் வாட், என்றார் மேனேஜர்.
விரலை மடக்கித் தன் நெஞ்சைத் தொட்டார்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.
பிளேம். நாலு வருஷமாய் மெயிலில் படிக்கிறேன்.
எடுத்துக் கொடுத்திருக்கலாம்.
அல்லது அது என்னுடையது என்று
வாங்கிக்கொண்டிருக்கலாம்.
பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவருடைய கான்ட்ராக்டை இரண்டு மாதம் குறைத்தார்கள்.

காட்பாடியில் மூன்றாம் பிளாட்பாரம்.
பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.
சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.
‘டேக் கேர்’ என்றுதான் வந்தது.
முகம் மலர்ந்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து,
எட்டாம் பக்கம் திறந்து,
கேர் என்றால் எப்படி எழுதுவது என்று
காற்றில் எழுதிக் கேட்டார்.
‘சி’ என்று ஆரம்பித்தேன்.

வண்டி எடுத்துட்டான், வண்டி எடுத்துட்டான் என்று
வடைக்காரர் கத்திக்கொண்டே குதித்தார்.

இதை அவருக்குச் சொல்லவில்லையே என்று
பஸ் ஸ்டாண்டில்தான் ஞாபகம் வந்தது.